உலகுக்குத் தொடக்கம் வேண்டும், சாதிக்கு மட்டும் வேண்டாமா?

"கடவுளைப் படைத்தது யார்?" என்று திருப்பிக் கேட்டதும் விவாதம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு முதலாமாண்டு மாணவர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு நடக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குல்ல? அப்போ இந்த உலகத்துக்கும் ஒண்ணு இருக்கணும்தானே? அதைத்தானே கடவுள்னு சொல்றாங்க?" நான் வாய் திறப்பதற்குள் கூட வந்த தோழர் ஒருவர், "அப்போ உங்க கடவுளுக்கு யாருப்பா காரணம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அந்தத் தம்பி வரவில்லை.

பௌத்த தர்க்கவியலாளர்கள் கடவுள் கொள்கையை எப்படி மறுத்தார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஐந்தாறு ஆண்டுகளாக இதே கேள்வியோடு குடித்தனம் நடத்துகிற நான், அது நேரில் வந்து நின்றபோது சிரித்துவிட்டு டீ குடித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைப்போம். எந்தப் பொருளும் தானாகத் தோன்றுவதில்லை. ஒன்றுக்கு முன் இன்னொன்று காரணமாக இருக்கிறது. இந்தச் சங்கிலி முடிவே இல்லாமல் பின்னோக்கிப் போனால் எதற்கும் அடிப்படை இல்லாமல் போய்விடும். ஆகவே தான் எதனாலும் தோன்றாத, மற்றவை எல்லாவற்றையும் தோற்றுவித்த ஒன்று இருந்தே ஆக வேண்டும். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், இஸ்லாமியச் சிந்தனையில் 11ஆம் நூற்றாண்டின் அல் கஸ்ஸாலி, கிறித்துவத்தில் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் என்று பெரும் மூளைகள் இதை வெவ்வேறு விதமாகச் செதுக்கியிருக்கின்றன. அவர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர்.

"கடவுளுக்கு யார் காரணம்?" என்ற கேள்விக்கும் அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. "தோன்றிய பொருளுக்குத்தான் காரணம் வேண்டும் என்றோம். கடவுள் தோன்றியவர் அல்லர்" என்பார்கள். ஆக, எங்கள் தோழரின் கேள்வி அந்தத் தம்பியின் வாயை அடைத்ததே தவிர, வாதத்தைத் தொடக்கூட இல்லை.

தொட வேண்டிய இடம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தோன்றாமலேயே ஒரு பொருள் இருக்க முடியும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்தச் சலுகையைப் பிரபஞ்சத்துக்கோ, பிரபஞ்சத்தின் அடியில் இருக்கும் ஏதோ ஒன்றுக்கோ ஏன் கொடுக்கக் கூடாது? பிரபஞ்சத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதால் மொத்தப் பிரபஞ்சத்துக்கும் காரணம் உண்டு என்று ஆகிவிடுமா? 1948இல் பிபிசி வானொலியில் ஒரு பாதிரியாரோடு நடந்த விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரசல் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டைச் சொன்னார். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு. அதனால் மனித குலம் முழுவதற்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது.

அப்படியே ஒரு முதற்காரணம் இருந்துவிட்டுப் போகட்டும். அது யோசிக்கும், பேசும், கோபப்படும் ஓர் ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்? "ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்" என்பதில் தொடங்கியவர்கள், "அவரே வேதம் அருளினார், அவரே வருணம் வகுத்தார்" என்பதில் வந்து இறங்குகிறார்கள். நடுவில் பாலமே இல்லை. பேச்சு வேகத்தில் நாம்தான் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

நம் மண்ணில் இந்த வாதம் பானையை வைத்துச் சொல்லப்பட்டது. பானையைப் பார்த்தால் குயவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிகிறது. உலகமும் பானை போலச் செய்யப்பட்ட பொருள்தான். ஆகவே அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். நியாய மரபினரும் சைவ சித்தாந்திகளும் இந்தப் பானையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சித்தாந்தக் கணக்கில் காரணங்கள் மூன்று. மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். கவனியுங்கள், நம் தர்க்க மரபில் "முதற்காரணம்" என்ற பெயர் மண்ணுக்கு உரியது. உலகுக்கு மண்ணாக இருப்பது மாயை என்றும், அதுவும் சிவனைப் போலவே தொடக்கமற்றது என்றும் அவர்கள் சொன்னார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தார் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏனென்றால் "செய்தல்" என்று நாம் பார்த்திருப்பதெல்லாம் ஏற்கெனவே இருக்கும் மண்ணை உருமாற்றுவதைத்தான்.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இந்தப் பானையை ஒரே தட்டில் உடைத்தார். பானை மண்ணால் ஆனது, ஆகவே அதைக் குயவர் செய்தார் என்கிறீர்கள். புற்றும்தான் மண்ணால் ஆனது. அதையும் குயவரா செய்தார்? பானையைக் குயவர் வனைவதை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் அடுத்த பானையைக் கண்டதும் குயவரை ஊகிக்கிறோம். உலகம் செய்யப்படுவதை யாரும் பார்த்ததில்லை. "உருவம் இருக்கிறது" என்ற மேலோட்டமான ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு ஊகம் செய்தால், கறையான் கட்டிய புற்றுக்கும் குயவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

தர்மகீர்த்தி இதோடு நிற்கவில்லை. அறிவு மழுங்கிப் போனதற்கு ஐந்து அடையாளங்களை அவர் பட்டியலிடுகிறார். வேதமே இறுதிச் சான்று என்பது ஒன்று. உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பது இன்னொன்று. புனித நீராடினால் அறம் சேரும் என்பது, உடலை வருத்தினால் பாவம் தொலையும் என்பது ஆகியவையும் உண்டு. மீதமுள்ள ஒன்று சாதிப் பெருமை. படைப்பாளி நம்பிக்கையையும் சாதித் திமிரையும் ஒரே பட்டியலில் வைக்க வேண்டும் என்று 1300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. தற்செயலாகத் தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த உவமையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கடவுளை விளக்கக் குயவரைக் கூப்பிட்டவர்கள், அந்தக் குயவரைக் கருவறைக்குள் கூப்பிடவில்லை. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஆகமம் சொல்லும் தகுதிகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தது. 2021 ஆகஸ்டில் பல சாதிகளையும் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் பணி ஆணை பெற்ற பிறகும் வழக்குகள் ஓயவில்லை. உலகத்தைச் செய்தவருக்குக் குயவர் உவமை ஆகலாம். பூசை செய்ய ஆகக் கூடாது!

இன்றைக்கு வாதம் பானையை விட்டுப் பெருவெடிப்புக்கு ஏறியிருக்கிறது. "அறிவியலே தொடக்கம் உண்டு என்று சொல்லிவிட்டது, பார்த்தீர்களா?" என்கிறார்கள். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அப்படித்தான் மகிழ்ந்தார். ஆனால் இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தன் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்துவதை அவரே விரும்பவில்லை. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாகவும் மிக அடர்த்தியாகவும் இருந்தது, அங்கிருந்து விரிந்தது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஒன்றுமே இல்லாததிலிருந்து அது வந்தது என்று அந்தக் கோட்பாடு சொல்லவில்லை. அந்தத் தொடக்கப் புள்ளியை நெருங்கும்போது ஐன்ஸ்டீனின் சமன்பாடுகள் கைவிட்டுவிடுகின்றன. அதற்கு "முன்பு" என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியவில்லை. தென்முனைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்பது போன்றது அது என்றார் ஸ்டீபன் ஹாக்கிங்.

தெரியாது என்று சொல்வதில் நமக்கு வெட்கம் எதற்கு? அதற்குத் துணிச்சல் வேண்டும். தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதி, அந்தப் பெயருக்குப் பூசை போட்டு, அந்தப் பூசைக்கு இன்னார்தான் உரியவர் என்று சட்டம் எழுதுவதுதான் வெட்கப்பட வேண்டிய வேலை.

இதுவரை சொன்னது பகுத்தறிவு மேடைகளில் நீங்கள் கேட்டதுதான். என் ஆய்வில் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

முதற்காரண வாதத்தின் உயிர்நாடி, சங்கிலி முடிவில்லாமல் பின்னோக்கிப் போகக் கூடாது என்பது. சரி. இப்போது அதே மேடையில் நிற்கும் உபன்யாசகரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "உலகைப் படைத்தவர் ஒருவர் என்றால், ஒரு குழந்தையைச் சேரியிலும் இன்னொரு குழந்தையை அக்ரகாரத்திலும் பிறக்க வைத்தது அவர் குற்றம்தானே?" இந்தக் கேள்வி பழையது. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய ஆதி சங்கரர், உலகின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய இந்தத் தடையை நேராகவே எடுத்துக்கொள்கிறார். கடவுளிடம் பாரபட்சம் இல்லை, அவரவர் முற்பிறவி வினையே காரணம் என்கிறார். அப்படியானால் முதல் பிறவியில் அந்த வினை எங்கிருந்து வந்தது? முதல் பிறவி என்று ஒன்றே கிடையாது, பிறவிச் சுழல் அநாதி என்பது பதில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடவுளை நிலைநாட்ட வேண்டுமென்றால் சங்கிலிக்கு ஒரு முதல் கண்ணி கட்டாயம். ஏற்றத்தாழ்வுக்குப் பொறுப்பேற்க வேண்டுமென்றால் முதல் கண்ணியே கிடையாது. உலகத்துக்குத் தொடக்கம் வேண்டும். சாதிக்குத் தொடக்கம் வேண்டாம்! ஒருபக்கம் ரிக் வேதத்தின் புருஷ சூக்தமும், நான்கு வருணங்களை நானே படைத்தேன் என்னும் கீதையின் கண்ணனும் சாதிக்குத் தெய்வீகப் பிறப்புச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் சான்றிதழில் உள்ள தந்தை பெயரைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டால், "அது அநாதி" என்று தப்பிக்கிறார்கள். "சனாதனம்" என்ற சொல்லுக்கே என்றும் உள்ளது என்றுதான் பொருள்.

பிறவிச் சுழலுக்குத் தொடக்கம் தெரியாது என்று பௌத்த நூல்களும் சொல்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் "புத்தரும் அவர் தம்மமும்" நூலில் அம்பேத்கர், இப்பிறவியின் இழிவுக்கு முற்பிறவி வினையைக் காரணம் காட்டும் கொள்கையைப் புத்தரின் பெயரில் ஏற்க மறுத்தார். பௌத்தத்தையும் கேள்வி கேட்டுத்தான் அவர் தழுவினார்.

"அநாதி" என்ற சொல்லை நான் நூலகத்தில் கற்கவில்லை. நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது, ஊர் அம்மன் தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று எங்கள் ஆட்கள் மனு கொடுத்தார்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். அப்பாவோடு நானும் போயிருந்தேன். ஊர்த் தரப்பில் பேசிய பெரியவர் ஒரே வரியில் முடித்தார்: "தொன்றுதொட்டு வர்ற வழக்கம். ஆதியிலேருந்து தேர் அந்தப் பக்கம் போனதில்ல." அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பின்வரிசையில் நின்றிருந்த அப்பா கேட்டார்: "ஐயா, ஆதின்னா எப்போ? அந்தத் தேரு செஞ்சதே எண்பத்தொம்பதுல. மரத்த லாரியிலேருந்து இறக்குன ஆளு நானு."

அறையில் யாரும் பேசவில்லை. அந்தத் தேரின் அடிப்பகுதியில் ஒரு தகடு உண்டு. உபயம் செய்தவர்கள் பெயர்கள், தச்சர் பெயர், 1989 என்ற ஆண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. தேருக்குத் தொடக்கம் இருந்தது, செய்தவர் இருந்தார், செலவுக் கணக்கும் இருந்தது. அந்தத் தேர் எங்கள் தெருவுக்கு வராத வழக்கத்துக்கு மட்டும் தொடக்கம் கிடையாதாம். என் அப்பாவை விட வயதில் இளைய "ஆதி" அது.

எங்கள் ஊரில் "முதல்" என்ற சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு: முதல் மரியாதை. யாருக்கு முதலில் பரிவட்டம், யாருக்கு முதலில் திருநீறு என்பதில் இருக்கிறது ஊரின் மொத்த அரசியலும். பௌத்தத்தின் பிரமஜால சூத்திரத்தில் வரும் கதை எனக்கு இதனால்தான் பிடிக்கும். உலகம் மீண்டும் விரியத் தொடங்கும்போது, காலியாகக் கிடந்த மாளிகை ஒன்றில் ஓர் உயிர் வந்து பிறக்கிறது. தனிமை தாங்காமல் யாராவது வர மாட்டார்களா என்று ஏங்குகிறது. பிறகு மற்ற உயிர்களும் தத்தம் காரணங்களால் அங்கே வந்து சேர்கின்றன. முதலில் வந்தவர், "நான் நினைத்தேன், இவர்கள் வந்தார்கள், ஆகவே இவர்களைப் படைத்தவன் நான்" என்று முடிவு செய்துகொள்கிறார். பின்னால் வந்தவர்களும், "நமக்கு முன்பே இருக்கிறாரே" என்று நம்பிவிடுகிறார்கள். படைப்பாளி என்ற பட்டம் இப்படித்தான் பிறந்தது என்கிறது கதை. முந்தி வந்தவர் முதலாளி ஆன கதை நமக்குப் புதிதா என்ன?

இப்போது தோழர்களிடம் வருகிறேன். கடவுளை மறுத்துவிட்டால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் மீமாம்சகரான குமாரில பட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தர்மகீர்த்தியைப் போலவே 7ஆம் நூற்றாண்டில் வைத்துப் பேசப்படுபவர். உலகைப் படைத்த கடவுள் இருக்க முடியாது என்று நம் மேடைப் பேச்சாளர்களை விடக் கூர்மையாக வாதிட்டவர். படைப்புக்கு முன் யார் இருந்து பார்த்தது, உடல் இல்லாதவர் எப்படிப் படைப்பார், கருணை உள்ளவர் ஏன் துன்பம் நிறைந்த உலகைப் படைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டவர். ஆனால் வேதம் யாராலும் எழுதப்படாதது, என்றும் உள்ளது என்பதும், வருணம் பிறப்பால் அமையும் உண்மை என்பதும் அவர் நிலைப்பாடு. படைப்பாளிக் கடவுள் இல்லை, பார்ப்பனியம் உண்டு!

குமாரிலர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மேடையில் கடவுளை மறுத்துவிட்டு, வீட்டுக் கல்யாணம் என்றதும் "நம்ம ஆளுங்கள்லயே பார்த்துட்டோம், அம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க" என்கிற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "குடும்ப வழக்கம்" என்பார்கள். அநாதிதான், வேறென்ன?

இதற்கு மாறான வழியை 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது அம்பேத்கர் காட்டினார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று மானுடவியல் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தார். மனு சாதியைப் படைத்தார் என்பதை அவர் ஏற்கவில்லை. சாதி மனுவுக்கு முன்பே இருந்தது, எந்தத் தனிமனிதராலும் இவ்வளவு பெரிய அமைப்பைச் சட்டம் போட்டுப் படைத்துவிட முடியாது என்றார். முதற்காரணமாக ஒரு வில்லனைக் கண்டுபிடித்துத் திட்டிவிட்டு ஓய்வெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எந்த ஏற்பாட்டால் சாதி ஒவ்வொரு நாளும் உற்பத்தியாகிறது என்று கேட்டார். அகமணம் என்பது அவர் கண்ட விடை. ஒரு குழு தன் கதவை அடைத்துக்கொள்கிறது. பிற குழுக்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அடைத்துக்கொள்கின்றன. மற்றவர்கள் வெளியே தள்ளி அடைக்கப்படுகிறார்கள். அந்தக் கதவு திறந்துவிடாமலிருக்கத்தான் உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும் தேவைப்பட்டன.

இதைக் கோட்பாடாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. சாதி மறுத்து மணந்த உடுமலை சங்கர் 2016 மார்ச்சில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குக் காரணம் தேடி யாரும் 1380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிப் போகத் தேவையில்லை. அடைத்த கதவை ஒருவர் திறந்தார். அவ்வளவுதான்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. உலகத்துக்கு முதற்காரணம் உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்று தெரிந்ததாகச் சொல்கிறவர்களின் வாதம் நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும். அந்தக் கேள்வியை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை; இயற்பியல் படியுங்கள், தர்க்கம் படியுங்கள், இரவெல்லாம் வானத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கும் உங்கள் பழக்கம் நல்ல பழக்கம். சிரித்த நாங்கள்தான் தவறு செய்தோம். ஆனால் அந்தப் பழக்கத்தை வானத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சுடுகாடு ஏன் இரண்டாக இருக்கிறது, உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் ஏன் ஒரே சாதி மட்டும் இருக்கிறது என்றும் கேளுங்கள். "ஆதியிலிருந்தே" என்று யார் சொன்னாலும், எந்த ஆண்டிலிருந்து என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு தகட்டில் அந்த ஆண்டு எழுதியிருக்கும்.

பேச்சுவார்த்தை நடந்த அந்த ஆண்டு தேர் ஓடவில்லை. அதன் பிறகும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அப்பாவின் கேள்வி மட்டும் அரசுக் கோப்பில் ஏறவில்லை. ஆகவே அதை இங்கே எழுதி வைக்கிறேன்: ஆதின்னா எப்போ?